நாக்கு ஏற்றதை நுரையீரல் ஏற்குமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

மணத்துக்கு மயங்காத மனிதன் இல்லை. ஒரு வீட்டில் நெய் உருகினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. பசியைத் தூண்டுவதும் மணம். மறந்த நாளை நினைவூட்டுவதும் மணம். இந்த மயக்கத்தை நன்கு அறிந்தவன் வணிகன். சோப்பில் மணம் சேர்த்தான், மிட்டாயில் சேர்த்தான், கசக்கும் மருந்திலும் சேர்த்தான். இன்று மனிதன் இழுக்கும் மூச்சிலேயே மணம் சேர்த்து விற்கிறான். அப்பொருளின் பெயர் மின்சிகரெட்.

மின்சிகரெட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நிகோடினைப் பற்றியே பேசுகிறார்கள். அது பேசவேண்டிய பொருள்தான். மனிதனை அடிமையாக்குவது அதுவே. ஆனால், அந்த நிகோடினுக்கு மாம்பழ வேடமும் வெண்ணெய் வேடமும் போட்டு அனுப்பும் மணப்பொருள்களைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்டால், "அவை எல்லாம் தின்பண்டத்தில் சேர்ப்பவைதானே! ஐஸ்கிரீமில் இருப்பது கெடுதல் செய்யுமா?" என்று எதிர்க் கேள்வி வருகிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியில்தான் பெரும் பிழை ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து. ஒரு பொருள் எந்த வழியாக உடலுக்குள் போகிறதோ, அந்த வழியிலேயே அது சோதிக்கப்பட வேண்டும். விற்பதற்கு முன்பே சோதிக்கப்பட வேண்டும். இதை நிறுவவே இக்கட்டுரை.

குப்பிக்குள் இருப்பவை

2003ஆம் ஆண்டில் சீன நாட்டு மருந்தியலார் ஹான் லிக் இன்றைய மின்சிகரெட்டுக்கு உருக் கொடுத்தார். அதன் அமைப்பு எளிது. ஒரு மின்கலம், ஒரு கம்பிச் சுருள், சிறிது திரவம். சுருள் சூடேறுகிறது, திரவம் ஆவியாகி நுண்துளிகளாய் மாறுகிறது, அதைப் புகைப்பவர் உள்ளே இழுக்கிறார். திரவத்தில் பெரும்பங்கு புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகிய இரண்டும்; அவற்றுடன் நிகோடின்; கடைசியாக மணப்பொருள்கள்.

கடைசியாகச் சொன்னாலும் கடையை நடத்துபவை இவையே. 2014 ஜனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்கப்பட்ட சரக்குகளைக் கணக்கெடுத்தபோது, 466 வணிகப் பெயர்களில் 7,764 வகை மணங்கள் இருந்தன. 2024இல் அந்நாட்டு அரசு எடுத்த மாணவர் கணக்கெடுப்பில் பள்ளி மாணவர் 16.3 லட்சம் பேர் மின்சிகரெட் பழக்கம் உடையவராய் இருந்தனர், அவர்களில் 87.6 விழுக்காட்டினர் மணம் சேர்த்ததையே நாடினர். தூண்டிலில் முள் நிகோடின் என்றால், மீனை இழுக்கும் இரை மணமே.

வேதியியல் படிக்கும் நமக்கு இந்த மணங்கள் புதியவை அல்ல. செர்ரிப் பழ மணம் தருவது பென்சால்டிஹைடு. பட்டையின் காரமணம் சின்னமால்டிஹைடு. ஐஸ்கிரீமின் மணம் வனிலின். வெண்ணெய் மணம் தருவது டைஅசெட்டைல் என்னும் நான்கு கரி அணுக்கள் கொண்ட சிறு மூலக்கூறு. 88 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

நம் செய்முறை வகுப்பை நினைத்துப் பாருங்கள். அமிலத்தையும் ஆல்கஹாலையும் சூடாக்கி எஸ்டர் சோதனை செய்யும்போது இனிய பழமணம் வீசும். அப்போதும், சோதனைக் குழாயின் வாயில் மூக்கை வைக்காதே, கையால் மெல்ல விசிறி முகர்ந்து பார் என்றுதான் ஆசிரியர் சொல்லித் தருகிறார். நாற்றமடிக்கும் பொருளுக்கு மட்டும் அந்த விதியைச் சொல்லவில்லை. நறுமணத்துக்கும் அதுவே விதி. முதலாண்டு மாணவனுக்குச் சொல்லும் எச்சரிக்கையை உலகச் சந்தை மறந்துவிட்டது விந்தையே.

இரண்டு வாசல்கள்

வாய் வழியே வயிற்றுக்குள் போகும் பொருளுக்குக் காவல் பல உண்டு. வேண்டாததை வயிறு வாந்தியாய்த் தள்ளும். அதைக் கடந்தால் அமிலம். அதையும் கடந்தால் குடல். குடல் உறிஞ்சியதைக் கல்லீரல் நிறுத்தி வைத்து, உடைத்து, மாற்றி, பிறகே உடலெங்கும் அனுப்பும். தலைமுறை தலைமுறையாகக் கண்டதையும் தின்று பார்த்த இனம் நம் இனம். வயிறு அதற்கேற்பப் பழகியிருக்கிறது.

நுரையீரலின் கதை வேறு. அது காற்றுக்காக அமைந்த உறுப்பு. அதனுள் ஏறத்தாழ 30 கோடி நுண்ணறைகள். அவற்றை விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு. காற்றுக்கும் குருதிக்கும் இடையே உள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு மெல்லியதாய் இருப்பதால்தான் நாம் உயிர் வாழ்கிறோம். அவ்வளவு மெல்லியதாய் இருப்பதால்தான் எளிதில் புண்படுகிறோம்.

இதற்குத் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. என் தந்தை பஞ்சு அரவை ஆலைத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குப் பின் திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகுகிறது என்பார். ஆலைக்குப் போகிறவனுக்கு இருமல் வரத்தான் செய்யும் என்று ஊரார் சொல்வார்கள். அவரும் அப்படியே நம்பினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அதற்குப் 'பிசினோசிஸ்' என்று பெயர் இருப்பதும், வாரத்தின் முதல் வேலைநாளில் நெஞ்சு இறுகுவதே அதன் அடையாளம் என்பதும் தெரிந்தன. பஞ்சைவிடத் தீங்கற்ற பொருள் உண்டா? உடுத்தினால் சுகம், தலைக்கு வைத்தால் உறக்கம். ஆனால் அதன் தூசி மூச்சில் போனால் நோய். பொருள் ஒன்றுதான், வாசல்தான் வேறு.

ஜாஸ்பர் கற்பித்த பாடம்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்பது ஒரு சிற்றூர். அங்கே மைக்ரோவேவ் அடுப்பில் பொரிக்கும் சோளப்பொரிப் பொட்டலங்கள் தயாரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. சூடான சோயா எண்ணெய்த் தொட்டியில் வெண்ணெய் மணப்பொருளை ஊற்றிக் கலக்குவது அங்கே ஒரு வேலை. தொட்டியின் மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். நல்ல வெண்ணெய் மணம்! அதற்கு யார் அஞ்சுவார்?

2000ஆம் ஆண்டு மே மாதம் ஒரு மருத்துவர் மாநிலச் சுகாதாரத் துறைக்கு ஒரு செய்தி தெரிவித்தார். அந்த ஆலையில் முன்பு வேலை செய்த 8 பேருக்கு, நுரையீரலின் நுண்குழல்கள் தழும்பேறி அடைபடும் அரிய நோய் கண்டிருந்தது. அவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா என்றும் மார்ச்சளி என்றும் மருத்துவம் நடந்திருந்தது. தழும்பேறிய குழல் மீண்டும் திறப்பதில்லை. சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை தேவை என்னும் நிலை.

அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஆலைக்கு வந்தது. அப்போது பணியிலிருந்த 117 பேரைச் சோதித்தது. மூச்சுக்குழல் அடைப்பு, எதிர்பார்க்கக்கூடிய அளவைப்போல் 3.3 மடங்கு இருந்தது. வாழ்நாளில் புகைத்தே அறியாதவர்களிடம் அது 10.8 மடங்கு! புகைப்பழக்கத்தின் மேல் பழிபோட்டுத் தப்பிக்க வழியில்லை. ஆய்வு முடிவு 2002இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. வெண்ணெய் மணப்பொருளின் ஆவியே, குறிப்பாக அதில் இருந்த டைஅசெட்டைலே, ஐயத்துக்குரியதாய் நின்றது. 'பாப்கார்ன் நுரையீரல்' என்று உலகம் அந்நோய்க்குப் பெயர் வைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே வெண்ணெய்ப் பொரியை வாங்கித் தின்ற கோடிக்கணக்கான மக்களுக்கு இந்த நோய் வரவில்லை. தின்றவர் நலமாயிருந்தார், முகர்ந்து உழைத்தவர் மூச்சை இழந்தார்.

கதை அதோடு முடியவில்லை. டைஅசெட்டைலுக்குக் கெட்ட பெயர் வந்ததும், சில உற்பத்தியாளர்கள் 2,3-பென்டேன்டையோன் என்னும் மாற்றுப் பொருளுக்குத் தாவினார்கள். முன்னதில் நான்கு கரி அணுக்கள் என்றால் இதில் ஐந்து, மற்றபடி உடன்பிறப்பு. எலிகளை அதன் ஆவியை முகரச் செய்தபோது, அண்ணனைப் போலவே தம்பியும் மூச்சுக்குழலைப் புண்ணாக்கியது. 2016இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 8 மணி நேர வேலைக்குப் பரிந்துரைத்த உச்ச அளவு, நூறு கோடிப் பங்கு காற்றில் டைஅசெட்டைல் வெறும் 5 பங்கு, பென்டேன்டையோன் 9.3 பங்கு. பெயரை மாற்றுவதால் குணம் மாறிவிடாது.

சான்றிதழின் எல்லை

மணப்பொருள்கள் "பொதுவாகப் பாதுகாப்பானவை என ஏற்கப்பட்டவை" என்ற சான்று பெற்றவை என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சான்று பொய்யல்ல. அமெரிக்காவில் 1958இல் வந்த உணவுச் சேர்க்கைச் சட்டத்திலிருந்து பிறந்தது அது. ஆனால் அது உணவுக்கான சான்று. தின்றால் என்ன ஆகும் என்பதற்கே அது விடை சொல்கிறது. சூடாக்கி, ஆவியாக்கி, நாள்தோறும் நூறு முறை மூச்சில் இழுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்தத் தேர்வுத் தாளிலேயே இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அந்நாட்டு மணப்பொருள் உற்பத்தியாளர் சங்கமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது: எங்கள் மதிப்பீடு உணவுக்கு மட்டுமே உரியது, அதைக் காட்டி மின்சிகரெட்டில் உள்ள மணப்பொருள் பாதுகாப்பானது என்று கூறுவது தவறு, மக்களைத் திசை திருப்புவது என்று. சரக்கைச் செய்பவனே கைவிரித்த பிறகும் அந்தச் சான்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவது என்ன நியாயம்? நீச்சலில் தேறியவனுக்குக் கொடுத்த பட்டயத்தைக் காட்டி விமானம் ஓட்டக் கேட்பது போன்றது இது.

திறந்து பார்த்தவர்கள் கண்டது

2015இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 51 வகை மணமூட்டிய மின்சிகரெட்டுகளைச் சோதித்தனர். 39இல் டைஅசெட்டைல் இருந்தது. டைஅசெட்டைல், பென்டேன்டையோன், அசெட்டாயின் ஆகிய மூன்றில் ஒன்றேனும் 47இல் இருந்தது. வெண்ணெய் மணத்தில் மட்டுமல்ல, பழ மணங்களிலும் மிட்டாய் மணங்களிலும் இருந்தது. வாங்கியவர் பழம் என்று நினைத்து வாங்கினார். உள்ளே ஜாஸ்பர் தொட்டியின் ஆவி இருந்தது.

2019இல் வேறோர் ஆய்வுக்கூடத்தில், மனித மூச்சுக்குழல் செல்களின் மேல் சின்னமால்டிஹைடு கலந்த திரவத்தைச் செலுத்திப் பார்த்தனர். தூசியையும் சளியையும் ஓயாமல் மேலே தள்ளும் நுண்மயிர்களின் அசைவு சிறிது நேரம் அடங்கிப்போனது. குழம்புக்கு மணமூட்டும் பட்டை, மூச்சுக்குழலின் துப்புரவுத் தொழிலாளியை வேலைநிறுத்தம் செய்ய வைக்கிறது.

இவற்றைவிட என்னை வியக்க வைத்தது இன்னொரு செய்தி. ஆல்டிஹைடும் ஆல்கஹாலும் சேர்ந்தால் அசெட்டால் உண்டாகும் என்று நாம் படிக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறோம். மின்சிகரெட் குப்பியில் என்ன இருக்கிறது? வனிலின், பென்சால்டிஹைடு, சின்னமால்டிஹைடு ஆகிய ஆல்டிஹைடுகள் இருக்கின்றன. பக்கத்திலேயே புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் ஆல்கஹாலும் இருக்கிறது. இரண்டும் சும்மா இருக்குமா? 2018இல் யேல், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவை கலந்து வைத்த இடத்திலேயே, சூடேற்றும் முன்பே, அசெட்டால்களாக மாறுவதைக் காட்டினார்கள். அந்தப் புதுப் பொருள்கள் ஆவியோடு போகின்றன. மூச்சுப்பாதையில் எரிச்சலை உணரும் ஏற்பிகளைத் தூண்டுகின்றன. அப்படியானால் தயாரித்தவன் குப்பிக்குள் ஊற்றியது ஒன்று. வாங்கியவன் இழுப்பது வேறொன்று. ஊற்றிய பொருளுக்காவது உணவுச் சான்று உண்டு. குப்பிக்குள் பிறந்த பொருளுக்கு எந்தச் சான்று உண்டு?

மணப்பொருள் அல்லாத ஒன்றும் இதே பாடத்தைச் சொன்னது. 2019இல் அமெரிக்காவில் இளைஞர்கள் திடீரென மூச்சுத் திணறி மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசெட்டேட்டே முதன்மைக் காரணமாகத் தெரியவந்தது. சோதித்த 51 நோயாளிகளில் 48 பேரின் நுரையீரல் நீரில் அது இருந்தது. வைட்டமின்! தோலில் பூசும் களிம்பிலும் விழுங்கும் மாத்திரையிலும் இருக்கும் பொருள்! தோல் ஏற்றது, வயிறு ஏற்றது, நுரையீரல் ஏற்கவில்லை.

மறுப்போர்க்கு மறுமொழி

"மின்சிகரெட்டால் பாப்கார்ன் நுரையீரல் வந்தது என்று நிறுவப்பட்டிருக்கிறதா?" என்று கேட்கலாம். ஜாஸ்பரில் நிறுவப்பட்டதுபோல் இங்கே நிறுவப்படவில்லை. அதை ஒளிக்கக் கூடாது. சாதாரண சிகரெட் புகையில் டைஅசெட்டைல் இதைவிட அதிகம் என்பதும் உண்மை. சிகரெட்டை விட முயல்வோருக்கு நிகோடின் மின்சிகரெட் உதவுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுவதும் உண்மை. உண்மைக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் ஒப்பிடும்போது யாருக்கு எதை ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? முப்பது ஆண்டு புகைத்துப் பழுத்தவருக்கு மின்சிகரெட்டைச் சிகரெட்டோடு ஒப்பிடுவது சரி. எதையுமே புகைக்காத பதினாறு வயதுச் சிறுவனுக்கு அதைச் சுத்தமான காற்றோடுதான் ஒப்பிட வேண்டும். மாம்பழ மணமும் பஞ்சுமிட்டாய் மணமும் இவ்விருவரில் அதிகம் இழுப்பது யாரை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"நிறுவப்படவில்லை" என்பதற்கு "தீங்கில்லை" என்று பொருள் அல்ல. மின்சிகரெட் சந்தைக்கு வந்து இன்னும் கால் நூற்றாண்டு ஆகவில்லை. நுரையீரல் நோய்கள் பல, பத்து இருபது ஆண்டு கழித்துத் தலைகாட்டுபவை. ஜாஸ்பரிலும் எட்டுப் பேர் படுக்கையில் விழுந்த பிறகே ஆய்வு தொடங்கியது. நிறுவும் பொறுப்பை நோயாளியின் தலையில் வைத்தால் அவர் தம் நுரையீரலைக் கொண்டே நிறுவ வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்பு விற்பவன் தலையில் இருக்க வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் 2016 முதல் மின்சிகரெட் திரவத்தில் டைஅசெட்டைல் சேர்க்கத் தடை இருக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மணமூட்டிய திரவங்கள் பற்றிய வழக்கில், அனுமதி மறுத்த அரசுத் துறையின் பக்கமே நின்றது. மக்கள் நலனுக்கு ஏற்றது என்று காட்ட வேண்டியவர் விற்பவரே என்பது அந்நாட்டுச் சட்டம். வழி பிறந்திருக்கிறது, ஆனால் காலம் தாழ்ந்து பிறந்திருக்கிறது.

நமக்கு என்ன?

"நம் நாட்டில்தான் தடை இருக்கிறதே, இதை நமக்கு ஏன் சொல்கிறாய்?" என்று நண்பர்கள் கேட்கலாம். ஆம், 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து அவ்வாண்டு இறுதியிலேயே நிலையான சட்டமானது தடை. தயாரித்தாலோ விற்றாலோ முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம். தடையை நான் வரவேற்கிறேன். ஆனால் தடையால் பொருள் மறையும், ஆவல் மறையாது. திருட்டுத்தனமாய் வரும் குப்பியில் உட்பொருள் பட்டியல் ஏது? சோதனைக்கூடம் ஏது? கேட்டால் விடை சொல்ல ஆள் ஏது? தடை உள்ள நாட்டு மாணவனுக்குத்தான் அறிவு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். அசெட்டால் பாடம் நடத்தும் நாளில் இந்தக் குப்பியைப் பற்றியும் இரண்டு சொற்கள் சொல்லுங்கள். எஸ்டர் சோதனை நாளில் ஜாஸ்பர் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். தேர்வுக்காகப் படித்த சமன்பாடு தேர்வோடு மறந்துவிடும். உயிரோடு தொடர்புபடுத்திச் சொன்னது மறக்காது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்தவர்கள். மருந்துச் சீட்டோ, உரமூட்டையில் உள்ள எழுத்தோ, எதுவானாலும் நம் கையில்தான் கொடுத்து, "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று வீட்டார் கேட்கிறார்கள். படித்துச் சொல்லும் பொறுப்பு நமக்கு வந்திருக்கிறது. நாளைக்குத் தம்பியோ தங்கையோ பள்ளித் தோழன் கொடுத்தான் என்று பேனா போன்ற ஒரு கருவியைக் கொண்டு வந்து, "வெறும் மாம்பழ வாசனைதான்" என்றால், அதட்டி அனுப்பாதீர்கள். உட்கார வைத்து விளக்குங்கள். மாம்பழத்தைத் தின்னச் சொல்லுங்கள். மூச்சுக்குக் காற்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.